அப்பாவின் ஆதாரில் வேறு ஆள் கடன் வாங்கியிருந்தால்

தம்பி, நிவாரணத்துக்கென்று தொண்டியில் அப்பா கொடுத்த ஆதார் நகலில் எவனோ சிம் வாங்கி, ஆப்பில் கடனும் எடுத்திருக்கிறான், ஊர்க்காரன்தானே, பேசி முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். கடன் அப்பா பெயரிலேயே நின்றுவிடும்.

அடுத்தவர் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். போன் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி, அதே தண்டனை. இரண்டிலும் ஜாமீன் எளிதாகக் கிடைத்துவிடும். அதனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 318(4) என்ற மோசடிப் பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் 7 ஆண்டு வரை உண்டு.

இன்றே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். அப்புறம் ராமநாதபுரம் சைபர் கிரைமில் எழுத்தில் புகார். சஞ்சார் சாத்தி என்ற தொலைத்தொடர்புத் துறையின் தளத்தில் அப்பா பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பாருங்கள். இனி நகல் கொடுத்தால், எதற்கு என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.