கேப்ரிகா சீரியல் ஏன் ஒரே சீசன்ல நின்னுச்சு, பார்த்தவங்க ஏன் ரெண்டா பிரிஞ்சாங்க?

முதல்ல ப்ரீக்வல்னா, ஏற்கெனவே வந்த கதைக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பின்னாடி வந்து சொல்ற கதை. 2010ல அமெரிக்காவுல சைஃபை சேனல்ல வந்த கேப்ரிகா, பேட்டில்ஸ்டார் கேலக்டிகாங்கிற விண்வெளி சீரியலோட ப்ரீக்வல், அதுக்கு 58 வருஷம் முந்தின கதை.

கேலக்டிகா விண்வெளிச் சண்டை, துரத்தல், உயிர்பயம். கேப்ரிகாவுல பாதி நேரம் வீடு, கம்பெனி, கோர்ட்டு, மகளைப் பறிகொடுத்த ரெண்டு அப்பாக்கள். பிரியாணிக்குப் பேர்போன கடையில பசியோட உக்காந்தா இலையில தயிர்சாதம் வர்ற மாதிரி, தயிர்சாதம் அருமைதான் ஆனா வந்தவன் அதுக்கா வந்தான்? அதான் பழைய ரசிகர்கள்ல நிறைய பேரு ஸ்லோன்னு விட்டுட்டாங்க, ரேட்டிங் விழுந்து அந்த அக்டோபர்லயே கேன்சல்.

எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பைலட், அதாவது முதல் எபிசோடு முடிவுல அவ்ளோ பெரிய இரும்பு ரோபோ எந்திரிச்சு தோழிக்கு போன் போட்டு நான்தான் ஸோயின்னு சொல்லும், அந்த அப்பாக்கள்ல ஒருத்தரோட செத்துப்போன பொண்ணு ஸோயியோட நெனப்பு உள்ள இருக்குன்னு அப்போ புரியும், எந்தச் சண்டைக் காட்சியும் என்னை அப்படி உலுக்கல.

பாதியில நின்ன கதைன்னு பலர் பார்க்காம விடறாங்க, அது தப்பு, கடைசி எபிசோடு முடிவுல அடுத்து என்ன நடக்கும்னு காட்டிட்டுத்தான் முடிக்கிறாங்க.