சித்தி கொடுத்த பழைய டர்க்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்) பதிச்ச வெள்ளிக் காப்புல எந்த முத்திரையும் இல்ல, இது நவஹோ (அமெரிக்கப் பழங்குடி மக்கள்) வேலைதானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முத்திரை இல்லங்கிறதுக்காக அதை போலின்னு ஒதுக்கிடாதீங்க, இதை முதல்லயே சொல்லிடறேன். நான் நியூ மெக்சிகோல ஆறு வருஷம் வேலை பார்த்தேன், லீவு கிடைச்சா கேலப் ஊர் அடகுக்கடைகள்ல போய் நிக்கிறதுதான் பழக்கம், அங்க பார்த்து கேட்டு கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன். 1930களுக்கு முன்னாடி செஞ்சவங்க பேர் அடிக்கிறது ரொம்ப அபூர்வம், பரவலா அடிக்க ஆரம்பிச்சது 1970கள் வாக்குலதான். "ஸ்டெர்லிங்"னு மட்டும் இருந்தா அது வெள்ளியோட தரத்தை (92.5 சதவீதம்) சொல்லுதே தவிர யார் செஞ்சாங்கன்னு சொல்லாது.

அதனால காப்பை திருப்பி உள்பக்கத்தை பாருங்க. உளியும் அச்சும் வச்சு சுத்தியலால அடிச்ச வேலைன்னா, தகடு ரொம்ப கனமா இல்லாத பட்சத்துல, முன்னாடி இருக்குற டிசைனோட தழும்பு பின்னாடி லேசா புடைச்சு தெரியும், விரல் நுனியால தடவினாலே தட்டுப்படும். அப்புறம் ஒரு லென்ஸ் எடுத்து அச்சுக் குறிகளை ஒண்ணொண்ணா பாருங்க. ஒண்ணு ஆழமா இருக்கும், பக்கத்துல இருக்கறது கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், ரெண்டு அரைவட்டம் சேர்ற இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், ஆனா பள்ளத்தோட ஓரம் மட்டும் கத்தி வச்ச மாதிரி கூர்மையா நிக்கும். நிஜ காப்பை மோல்டு எடுத்து வார்த்த நகல்ல அந்த ஓரம் மழுங்கி இருக்கும், பள்ளத்துக்குள்ள ஊசிமுனை அளவு பொத்தல்கள் தெரியும். நான் முதல்ல வாங்கின காப்பு அப்படிப்பட்டதுதான், கடைக்காரர் பழசுன்னு சத்தியம் பண்ணி வித்தாரு, ரெண்டு மாசம் கழிச்சு லென்ஸ்ல பார்த்தப்போ மனசு விட்டுப்போச்சு. ஆனா வார்ப்புன்னாலே போலின்னு இல்ல, டூஃபாங்கிற மிருதுவான எரிமலைக் கல்லுல அச்சு செதுக்கி வார்க்கறது நவஹோக்களோட பழைய முறைதான், அதுல கல்லோட சொரசொரப்பு வெள்ளி மேலயே பதிஞ்சிருக்கும்.

ஸ்டைல்னு பார்த்தா நவஹோ வேலையில வெள்ளிதான் ராஜா, கனமான தகடு, ஆழமான அச்சு, நடுவுல பெருசா ஒண்ணோ மூணோ கல்லு. ஸூனிங்கிற இன்னொரு பழங்குடியோட வேலையில கல்லுதான் ராஜா, ஊசி மாதிரியும் அரிசி மாதிரியும் தீட்டின குட்டிக் குட்டி டர்க்காய்ஸை பூ மாதிரி நெருக்கமா அடுக்கியிருப்பாங்க, இல்லன்னா சிப்பி, பவளம், கருப்புக்கல் எல்லாம் சேர்த்து பறவை உருவம் இழைச்சிருப்பாங்க. ஹோப்பிங்கிற மூணாவது பழங்குடியோட வேலையில பெரும்பாலும் கல்லே இருக்காது, மேல் தகட்டுல டிசைனை அறுத்து எடுத்துட்டு கீழ இன்னொரு தகடு வச்சு பத்தவைச்சு பள்ளத்தை கருப்பாக்கியிருப்பாங்க, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு வந்த ஹோப்பி வீரர்களுக்கு ஃப்ரெட் கபோட்டியும் பால் சாஃப்கியும் 1947ல இருந்து வகுப்பு எடுத்ததுலதான் இது வேர் பிடிச்சது. அதனால ஓவர்லேன்னு சொல்ற இந்த ரெண்டு தகட்டு ஹோப்பி வேலையை 1900ன்னு சொல்லி வித்தா நம்பாதீங்க. ஆனா இதெல்லாம் கறாரான வேலி இல்ல, நவஹோ செஞ்ச வெள்ளியில ஸூனி கல்லு பதிச்ச துண்டுகள் நிறைய இருக்கு, வியாபாரிங்களே ரெண்டு பேர்கிட்டயும் பிரிச்சுக் கொடுத்து செய்ய வச்சிருக்காங்க.

காப்பு ரொம்ப லேசா இருந்து அம்பு, இடிப்பறவை எல்லாம் அச்சடிச்சிருந்தா அது ரயில்ல வந்த டூரிஸ்டுகளுக்காக செஞ்சது, ஃப்ரெட் ஹார்வி ஸ்டைல்னு சொல்லுவாங்க, அதுல ஒரு பகுதி மெஷின் வேலை. நம்ம ஸ்வஸ்திக் மாதிரி குறி இருந்தா பயந்துடாதீங்க, அது அவங்க கதைகள்ல வர்ற சுழலும் மரக்கட்டை. ஹிட்லர் காரணமா 1940ல நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாபகோ மக்கள் இனி அதை போட மாட்டோம்னு கையெழுத்து போட்டாங்க, அதனால அந்தக் குறி இருக்கற துண்டு பெரும்பாலும் அதுக்கு முந்தினதுதான்.

இன்னொண்ணு, நம்ம ஊர் நகைக்கடையில டெஸ்ட் பண்ணி 92.5 வரலைன்னு சொன்னா உடனே மட்டம்னு முடிவு பண்ணாதீங்க. நவஹோக்கள் 1868ல சிறையிருப்புல இருந்து சொந்த மண்ணுக்கு திரும்பினதுக்கு அப்புறம்தான் இந்தத் தொழில் அவங்ககிட்ட தழைச்சது, அப்போ அமெரிக்க டாலர் காசையும் மெக்சிகோ பேசோவையும் உருக்கித்தான் செஞ்சாங்க, அந்தக் காசுல வெள்ளி சுமார் 90 சதவீதம்தான்.

தயவுசெஞ்சு விபூதி போட்டு தேய்க்காதீங்க, கடையில பாலிஷுக்கும் கொடுக்காதீங்க. பள்ளத்துல ஏறியிருக்கற கருப்புதான் அதோட வயசு, அது போனா பாதி மதிப்பு போச்சு. தண்ணியிலயும் ஊறப் போடாதீங்க, பழைய துண்டுகள்ல கல்லுக்கு அடியில மெத்தைக்கு மரத்தூள் வச்சிருப்பாங்க, அது ஈரம் குடிச்சு உப்பினா கல்லு வெளிய தள்ளிடும். உள்பக்கம், ரெண்டு முனை, கல்லைச் சுத்தி நிக்கிற வெள்ளி விளிம்பு, இந்த மூணையும் பகல் வெளிச்சத்துல கிட்ட வச்சு போட்டோ எடுத்து போடுங்க, எடை எத்தனை கிராம்னும் சொல்லுங்க, பார்த்துட்டு சொல்றேன்.