கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு நூல்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இளம்பிள்ளையில் வீட்டை ஒட்டியே சிறிய சாயப்பட்டறை வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. நாற்பது ஆண்டுகளாக நூலுக்குச் சாயம் போடுகிறார். சென்ற மாதம் ஒரு கடைக்காரர் கத்தரிப்பூ நிறத்தில் பன்னிரண்டு சேலைகள் கேட்டிருந்தார். உடலுக்கான நூலை முடித்தபோது ஊதாச் சாயப்பொடி தீர்ந்துபோனதால், பார்டர் நூலுக்கு அப்பா வேறொரு சிவப்பையும் நீலத்தையும் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவந்தார். காலையில் வாசல் வெளிச்சத்தில் இரண்டு சிட்டங்களையும் சேர்த்துப் பிடித்து அப்பா, அம்மா, நான் மூவரும் பார்த்தோம். துளி வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் கடையின் எல்இடி விளக்கின் கீழே சேலையைப் பிரித்ததும் பார்டர் நீலமடித்தது. "பெரியவருக்குக் கண் போய்விட்டது" என்று சொல்லி, பன்னிரண்டையும் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா நிறம் பார்க்கும் வேலையை என்னிடமே தள்ளிவிடுகிறார். யார் கண் சரி? அந்த நூலின் உண்மையான நிறம்தான் எது? இரண்டு நூல் துண்டுகளையும் உறையில் வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், இளம்பிள்ளை
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பா சிட்டத்தைக் கையில் எடுக்காமல் உங்களிடம் தள்ளுகிறார் என்ற வரியைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவருடைய கண் தவறவில்லை. கடைக்காரர் வேறுபாட்டைக் கண்டதும் மெய்தான். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு.

நூல் துண்டுகளை வெள்ளைத்தாளில் ஒன்றையொன்று தொடும்படி ஒட்டி, இங்கே ஏற்காட்டில் மூடுபனி விலகிய பின், பதினொரு மணி அளவில், வடக்குச் சன்னலருகே வைத்துப் பார்த்தேன். எது உடல், எது பார்டர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே தாளைச் சமையலறை எல்இடி விளக்கின் கீழே கொண்டுபோனதும் ஒரு துண்டு மெல்ல நீலத்தின் பக்கம் சாய்ந்தது. பிறகு பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடியெடுத்து மாட்டினேன். இப்போது அதே துண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்து, மற்றதைவிடச் சிவந்து நின்றது. கண் கெட்டிருந்தால் அது ஒரே பக்கமாகத்தான் கெட்டிருக்கும். விளக்குக்கு விளக்கு திசை மாறாது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு நான் தினமும் காணும் ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். பழம் பறிக்கும் பருவத்தில், டிசம்பர் மாலைகளில், காப்பித் தோட்டத்து ஓரமாக நடப்பது என் வழக்கம். ஐந்து மணிக்குப் பச்சை இலைகளுக்கு நடுவே பழங்கள் குங்குமமாகத் தெரியும். வெளிச்சம் மங்க மங்க, இலைகள் சாம்பல் பூத்தாற்போல வெளிறி நிற்கும்போதே பழங்கள் முந்திக்கொண்டு கறுத்துவிடும். சற்று முன்பு எது எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருந்ததோ அதுவே முதலில் மறைகிறது. பொஹீமியாவைச் சேர்ந்த உடலியல் அறிஞர் புர்கின்யே, சிவப்பு நிறம் மங்கலான ஒளியில் இப்படிக் கறுத்துப்போவதைக் கவனித்து 1825இல் எழுதிவைத்தார். அந்த நிகழ்வு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

நம் விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை. கோல் செல்கள் ஒன்பது கோடி அளவில் இருக்கின்றன. மங்கலில் அவைதான் வேலை செய்கின்றன. அவற்றில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி, வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஒரு வளைந்த மூலக்கூறைப் புரதத்துக்குள் பொதிந்து வைத்திருக்கிறது. ஓர் ஒளித்துகள் பட்டதும் அந்த வளைவு நிமிர்ந்துவிடுகிறது, பார்வை என்பதே அந்த நிமிர்தலில்தான் தொடங்குகிறது. எங்கிருந்து பார்த்தாலும் வியப்பு அடங்காத இடம் இது. இந்த நிறமி 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளியை அதிகம் விழுங்கும். 650க்கு மேலுள்ள சிவப்பு அதற்கு ஏறக்குறைய இருட்டுதான். பழம் முதலில் கறுப்பது இதனால்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்தது. கோல்களில் ஒரே வகைதான் உண்டு. ஒரு கோல் செல் மூளைக்கு அனுப்புவது, எவ்வளவு ஒளித்துகள்கள் தன்னிடம் சிக்கின என்ற ஒரே தொகையை மட்டும்தான். சிக்கியது எந்த அலைநீளம் என்று அது சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. கொஞ்சம் பச்சை ஒளியும் நிறையச் சிவப்பு ஒளியும் ஒரே தொகையைத் தந்துவிடலாம். ஒற்றைத் தொகையிலிருந்து வெளிச்சத்தின் கூடுதல் குறைவை அறியலாமே தவிர நிறத்தை அறிய முடியாது. இருட்டில் உலகம் சாம்பலாவது அதனால்தான்.

பகலில் வேலை செய்யும் கூம்பு செல்கள் ஐம்பது, அறுபது லட்சம்தான். ஆனால் அவை மூன்று வகை. ஒன்று 420, அடுத்தது 530, மூன்றாவது 560 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அதிகம் வாங்குகிறது. பின்னவை இரண்டும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். தனிக்கூம்பு ஒவ்வொன்றும் கோலைப் போலவே அலைநீளம் அறியாதது. மூன்று வகையும் தரும் மூன்று தொகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நாம் "கத்தரிப்பூ" என்கிறோம். கண்ணில் இப்படி மூன்று வகை உணர்விகள் இருக்க வேண்டும் என்பதைத் தாமஸ் யங் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எந்தச் செல்லையும் காணாமலே சொல்லிவிட்டார்.

மளிகைக் கடையில் ஐம்பது சாமான்கள் வாங்கிவிட்டு, சீட்டில் மூன்று கூட்டுத்தொகைகளை மட்டும் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு சாமான்கள் வாங்கிய இன்னொருவர் சீட்டிலும் அதே மூன்று தொகைகள் வந்துவிடலாம். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். முதல் சாயமும் அப்பாவின் கலவையும் வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு அளவில் திருப்பி அனுப்புகின்றன; பகல் ஒளியில் இரண்டின் மூன்று தொகைகளும் ஒன்றாக விழுந்தன. விலை மாறினால் சீட்டு மாறுவதுபோல, விளக்கு மாறினால் தொகைகளும் மாறும். பகல் ஒளியில் 400 முதல் 700 வரை எல்லா அலைநீளமும் பெரிய மேடுபள்ளமின்றி இருக்கிறது. வெள்ளை எல்இடி பெரும்பாலும், 450 நானோமீட்டரை ஒட்டி நீலம் வீசும் ஒரு சிறு சில்லும் அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பூச்சும்தான். கண்ணுக்கு வெள்ளையாக இருந்தாலும் அதில் ஆழ்ந்த சிவப்பு மிகவும் மெலிந்திருக்கும். குண்டு பல்பில் சிவப்புதான் மிகுதி. அப்பாவின் கலவை ஆழ்சிவப்பை மற்றதைவிடக் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது என்று ஊகிக்கிறேன். அந்தச் சிவப்பு விளக்கிலேயே மெலிந்திருக்கும்போது நூல் நீலமடிக்கிறது; மிகுதியாக இருக்கும்போது சிவக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்து யோசித்துப் பார்க்கச் சொல்வேன். சேலை முழுவதையும் கலவைச் சாயத்திலேயே நெய்திருந்தால் கடையில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வெள்ளை வேட்டி வெயிலிலும் பல்பின் கீழும் நமக்கு வெள்ளையாகவே தெரிவதற்குக் காரணம், விளக்கின் சாயலை மூளை தானே கழித்துவிடுவதுதான். உடலும் பார்டரும் ஒட்டிக் கிடக்கும்போது அந்தக் கழித்தல் இரண்டுக்கும் பொதுவாகிவிடுவதால், மிச்சமிருக்கும் வேறுபாடு முழுவதும் அந்த எல்லைக் கோட்டில் வந்து நிற்கிறது.

வயதைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கும் என்பது உண்மைதான். அறுபதைத் தாண்டியவர்கள் கண்புரைக்காக ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஆனால் வாசலில் உங்கள் இளம் கண்ணும் அவருடைய கண்ணும் ஒரே முடிவைத்தான் சொல்லின.

உண்மையான நிறம் எது என்று கேட்டிருந்தீர்கள். நூலுக்கென்று மாறாமல் இருப்பது, எந்த அலைநீளத்தில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பது மட்டும்தான். நிறம் என்பது அந்த நூலும் ஒரு விளக்கும் ஒரு கண்ணும் கூடும் இடத்தில் உண்டாவது. உலகெங்கும் நிறத்தை அளக்க அடிப்படையாக 1931இல் வகுத்த அளவுகோல்கூட, இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரையும் கில்ட் என்பவர் 7 பேரையும் உட்காரவைத்து நிறம் பொருத்தச் சொல்லிப் பெற்ற அளவுகளிலிருந்து வந்ததுதான். மனிதக் கண்ணை ஒதுக்கிவிட்டு நிறத்தை அளக்க எவராலும் முடியவில்லை. ஆகவே "ஒரே நிறம்" என்று யார் சொன்னாலும் எந்த விளக்கின் கீழ் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரிய மில்களில் இதற்கென்றே பகல் ஒளி, கடை விளக்கு, குண்டு பல்பு மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஒளிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் பட்டறைக்கு ஒரு மரப்பெட்டியும் உள்ளே சாம்பல் வண்ணப் பூச்சும் இரண்டு விளக்குகளும் போதும்; பகலுக்கு உங்கள் வாசலே இருக்கிறது. ஒரே சேலைக்கான நூலை முடிந்தவரை ஒரே சாயத்தில் முடித்துவிடுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் எந்தச் சிட்டத்தையும் ஒப்பிடாதீர்கள்.

கடைக்காரரிடம் அப்பாவையே அழைத்துச் செல்லுங்கள். சேலை ஒன்றைக் கடைக்குள் ஒருமுறை பிரித்துக்காட்டி, பிறகு கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் விரியுங்கள். பார்டர் எது என்று அவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.