கல்லும் கேள்வியும்: மாமியாரின் வைடூரியம்

கேள்வி: என் கணவர் தியாகராய நகரில் வைடூரிய மோதிரம் ஒன்று வாங்கி வந்தார். கருநீலக் கல், நடுவில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. விலையும் மலிவு. மாமியாரின் பழைய மோதிரத்திலோ கல் மங்கிய தேன் நிறம். ‘இதுதான் அசல்’ என்கிறார் அவர். எதை நம்புவது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: என் ஓட்டு மாமியாருக்கே, அம்மா. வைடூரியம் தேன் மஞ்சள், பசுமஞ்சள், பழுப்பு ஆகிய நிறங்களில்தான் வரும். கருநீலம், ரோஸ் என்று விற்பவை பெரும்பாலும் கண்ணாடி இழைகளைச் சேர்த்து உருக்கியவை. கல்லின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டி அறுகோணங்கள் வரிசையாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், கண்ணாடிதான்.

அசல் வைடூரியம் கிரைசோபெரில் என்னும் கனிமம். இலங்கை இரத்தினபுரியில் கிடைக்கிறது. நம் பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் உண்டு. உள்ளே முடியைவிட மெல்லிய ஊசிகளும் குழாய்களும் ஒரே திசையில் படுத்திருக்கும். நூல்கண்டின் மேல் ஒளிக்கீற்று குறுக்கே விழுவதைப் போல, வெளிச்சம் அவற்றுக்குக் குறுக்கே ஒரு கோடாகத் திரளும். அதனால்தான் பட்டை போடாமல் மேற்புறத்தைக் குவித்து வழவழப்பாக்குகிறார்கள்.

இனி மாமியாரின் மோதிரம். டியூப்லைட் உதவாது, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நல்ல கல் என்றால் வெளிச்சம் படும் பாதி தேனாகவும், மறு பாதி பாலாகவும் தெரியும். கல்லைத் திருப்பினால் கோடு நகரும், பாதி வழியில் உடையாது. ஆனால் தேன் நிறத்தில், இதே போலக் கோடு காட்டும் குவார்ட்ஸ் (படிகக்கல்) பூனைக்கண்ணும் உண்டு. பத்துக்கு அளக்கும் மோஸ் அளவில் வைடூரியத்தின் கடினம் 8.5, குவார்ட்ஸுக்கு 7தான், அதன் அடர்த்தியும் குறைவு. எனவே பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கேதுவுக்கு உகந்ததா என்பதைச் சோதிடரிடம் கேளுங்கள். அது என் இலாகா இல்லை.

கேள்வி: வைடூரியத்தின் அடிப்பக்கம் ஏன் சொரசொரப்பாகவே இருக்கிறது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஒளி அடிவழியே கசியாமல் இருக்க என்பார்கள். அதில் பாதி உண்மை, மீதி எடை. தொப்பை பெருத்த கல்லை வாங்கினால் மோதிரத்துக்குள் மறையும் பகுதிக்கும் கேரட் கணக்கில் காசு கொடுக்கிறீர்கள். பதிப்பதற்கு முன்பே கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள்.