அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் எந்த வீட்டுக்கு?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. 30 வருடம் கொழுந்து பறித்தவர். இடுப்பு மூட்டு தேய்ந்து, ராத்திரியில் வலியால் தூங்குவதில்லை. கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில், மூட்டு மாற்றிய அன்றே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். எங்கள் லயத்து வீட்டுக்கு ரோட்டிலிருந்து எண்பது படி ஏற வேண்டும். பயமில்லையா, டொக்டர்?
– ஒரு மகள், மஸ்கெலியா

பதில்: சத்திரசிகிச்சைக்குப் பயப்படாதீர்கள், மகள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து காலையிலேயே முடித்துவிடுவார்கள். பின்னேரம் வோக்கரைப் பிடித்து நடந்து, சிறுநீர் தானாகப் போய், தலைசுற்றல் இல்லையென்றால் அனுப்புவார்கள். ஆளைப் பார்த்துத் தெரிவு செய்தால், இப்படிப் போகிறவர்களுக்கு, வார்ட்டில் தங்குகிறவர்களைவிடச் சிக்கல் கூடுவதில்லை. மூட்டும் அதே மூட்டுதான். நூற்றில் ஏறக்குறைய 90 பேருக்கு 15 வருடம் தாங்குகிறது.

ஆளைப் பார்த்து என்றேன் அல்லவா? இருதய வருத்தம், கட்டுப்படாத சீனி வருத்தம் இருந்தால் தங்குவதே சரி. மலையில் வேலை செய்த பெண்களுக்கு இரத்தச்சோகை சாதாரணம். அதனால் ஒரு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பாருங்கள். குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே திகதி எடுங்கள்.

எனக்குக் கவலை அந்த எண்பது படிதான். அன்றே அனுப்பும் முறை, வாசல்வரை வாகனம் வரும் வீட்டை நினைத்து உருவானது. ராத்திரி காயத்தில் இரத்தம் கசிந்தாலோ மூச்சு முட்டினாலோ, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் ரோடுவரைதான் வரும். மழையில் அம்மாவைக் கம்பளியில் கட்டித்தான் இறக்க வேண்டிவரும். ஆகவே அன்றே மஸ்கெலியாவுக்கு வர வேண்டாம். இரண்டு இரவு வார்ட்டில் இருக்கட்டும். அல்லது கண்டியில் சொந்தக்காரர் வீட்டில், படியேறாத அறையில், ஒரு வாரம் தங்கட்டும். கூடவே ஒருவர் இருக்க வேண்டும்.

திரும்பும்போது ஆட்டோ வேண்டாம். சீட் தாழ்வாக இருப்பதால் இடுப்பு அதிகமாக மடங்கும், புது மூட்டு நழுவலாம். வேனில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வையுங்கள். மணிக்கொரு தடவை நிறுத்திக் கொஞ்சம் நடக்க விடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தைச் சொன்ன நாள்வரை விடாமல் கொடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சல் வந்தால், கால் திடீரெனக் குட்டையாகித் திரும்பினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

குந்தி உட்காரும் கழிவறைக்கு இப்போதே ஒரு கொமோட் நாற்காலி தேடுங்கள். இன்றைக்கே அம்மாவைக் கட்டிலில் உட்காரச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் கட்டில் தாழ்வு. கட்டிலின் கால்களுக்குக் கீழே அசையாத கட்டைகள் வைத்து உயர்த்த வேண்டும்.