காபியிலிருந்து தொடங்குங்கள்: மே குஸ்தா எல் கஃபே

தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்தவர் ஸ்பானிஷ் இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். காபியிலிருந்து தொடங்குங்கள். கும்பகோணத்துக்காரன் வேறென்ன சொல்வான்.

மே குஸ்தா எல் கஃபே. எனக்கு காபி பிடிக்கும். அவ்வளவுதான் வாக்கியம். ஆனால் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்த நான் மூன்று வாரம் 'யோ குஸ்தோ' என்று உளறிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் 'ஐ லைக்' என்பதில் 'நான்' முன்னால் வந்து நிற்கிறது, யோ என்றால் நான், சரி, அதைப் போட்டால் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். தமிழிலேயே யோசித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கேயும் 'எனக்கு'தான், நம்ம நான்காம் வேற்றுமை மாதிரியே. மே எனக்கு, தே உனக்கு, லே அவருக்கு. நோஸ் மட்டும் நமக்கு, எங்களுக்கு இரண்டுக்கும் பொது.

என் உளறல் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? சுவாமிமலை பக்கம் அண்ணன் ஒரு தங்கும் விடுதி நடத்துகிறார். தாராசுரம் கோயில் பார்க்க வந்த ஸ்பெயின் தம்பதி அங்கே தங்கியிருந்தார்கள், அந்த அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். டபராவில் நாலு ஆற்று ஆற்றி நுரையோடு நீட்டிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து, 'தே குஸ்தோ?' என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கணவர் அதைவிடச் சத்தமாக. குஸ்தோ என்று முடித்தால் பிடிக்கிற பொருள் நானாகிவிடுகிறேன். 'என்னை உனக்குப் பிடிச்சிருக்கா' என்று கேட்டிருக்கிறேன், அதுவும் நீ போட்டு! 'லே குஸ்தா?' என்று கேட்டிருக்க வேண்டும். மரியாதையான 'உங்களுக்கு' என்பதற்கும் லேதான்.

இங்கேதான் தமிழ் கொஞ்சம் காலை வாரும். நம்ம 'பிடிக்கும்' எதற்கும் மாறாது, காபி பிடிக்கும், வாழைப்பழங்கள் பிடிக்கும். அங்கே பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அதன் பின்னாலேயே ஓடும்: மே குஸ்தா எல் கஃபே, மே குஸ்தான் லோஸ் பிளாத்தனோஸ். அந்த 'ன்' முக்கியம். ஆங்கிலத்து 'தி' மாதிரி பெயருக்கு முன்னால் வரும் எல், லோஸ் எல்லாம் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை என்று கழற்றிவிடவும் கூடாது. கஃபே ஆண்பால், அதில் ஊற்றுகிற பால் பெண்பால், லா லெச்சே. ஏன் என்று கேட்காமல் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

யாராவது மே குஸ்தா என்றால் நாம் 'எனக்கும்' என்போம், 'நானும்' என்று வாயில் வராது. ஸ்பானிஷிலும் ஆ மீ தம்பியேன்தான், யோ தம்பியேன் தப்பு. தலைவலியும் இப்படித்தான்: மே துவேலே லா கபேசா, எனக்குத் தலை வலிக்கிறது. 'என் தலை' என்று சொல்ல வேண்டியதில்லை, எனக்கு வலித்தால் அது வேறு யார் தலையாக இருக்கப்போகிறது.

சொற்களில் சில்லறை லாபமும் உண்டு. மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ. இவை நமக்கு, ஸ்பானிஷுக்கு நெருங்கிய உறவான மொழி பேசும் போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை, 1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில்தானே இருந்தது.

அப்புறம் ஒன்று, இந்த 'எனக்கு'வை எல்லா இடத்துக்கும் நீட்டாதீர்கள். பசிக்கு மே வராது. தெங்கோ ஆம்ப்ரே, என்னிடம் பசி இருக்கிறது என்கிற மாதிரி. தாகத்துக்குத் தெங்கோ சேத், குளிருக்குத் தெங்கோ ஃப்ரியோ. கடைசியாகச் சொன்னதைக் கும்பகோணத்தில் பழகிப்பார்க்க மார்கழி வரை காத்திருக்க வேண்டும்.