தமக்காகப் பேச ஆள் இருக்கும் தெரு

கேள்வி: என் மைத்துனர் (சகோதரியின் கணவர்) மும்பை தாராவியில் 20 ஆண்டுகளாக ஒரு வீட்டின் மாடி அறையில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். கையில் பணம் சேர்ந்துவிட்டது. மும்பைக்கு வெளியே தொலைவிலுள்ள கல்யாண் பக்கம் இதைவிடப் பெரிய வீடு அமைந்தும் போக மறுக்கிறார். இது வெறும் பழக்க தோஷமா?
– வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: அப்படி நான் கருதவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தாராவிக்கு மக்கள் போயிருக்கிறார்கள். முன்னால் போனவர் தம் அறையில் அடுத்து வந்தவருக்குப் பாய் விரித்தார். அவரும் வேலை கிடைத்ததும் அதே சந்திலேயே அறை பிடித்தார். முன்பணம் குறையும்போது, “எங்க ஊர்ப் பையன்தான், நான் பொறுப்பு” என்று வீட்டுக்காரரிடம் சொல்ல ஒருவர் இருக்கும் தெருவைத்தான் புதிதாக வருபவர் தேடுகிறார்.

வசதி வந்த பிறகும் அவரை அங்கே நிறுத்துவது பெரும்பாலும் பிழைப்புதான். மாஹிம், சயான் என்ற இரு ரயில் நிலையங்களுக்கு நடுவில் தாராவி இருப்பதால், விடியுமுன் வீட்டிலேயே இட்லி அவித்து நகரின் பல மூலைகளுக்கும் கொண்டுபோய் விற்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே பிழைக்க முடிகிறது. கல்யாணில் குடியிருந்துகொண்டு இதைச் செய்வது எளிதன்று. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய், புது இடத்தில் யாரை நம்பி விடுவார்? மாதச் சீட்டும் மளிகைக் கடைக் கணக்கும் முகம் தெரிந்த இடத்தில் மட்டுமே நடக்கும். வீட்டின் சதுர அடியை மட்டும் பார்க்கும் நாம் இவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஊரும் சாதியும் பார்த்துச் சேர்ந்த சந்துகளில், பரிந்து பேச ஆளில்லாதவருக்கு அறை கிடைப்பது அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வேலி எனக்கு உடன்பாடானதன்று.

ஆனால் உங்கள் மைத்துனர் இப்போது யோசிக்க வேண்டியது வேறு. தாராவியின் குடிசைகளை இடித்துவிட்டுப் புதிய அடுக்குமாடிகள் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக ஆவணம் காட்டுவோருக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியில்தான் இடம். கீழ் வீட்டுக்காரர் உள்ளேயே தங்க, மாடி வீட்டுக்காரர் வெளியேற, ஒரே சந்து இரண்டாகப் பிரியும் என்பதுதான் என்னை வருத்துகிறது. ஆகவே, வாடகை ரசீது, மின்கட்டணச் சீட்டு, குடும்ப அட்டை ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போகத்தான் வேண்டுமென்றால், அதே சந்தைச் சேர்ந்த இரண்டு மூன்று குடும்பங்களோடு பேசி, ஒரே கட்டடத்தில் வீடு பார்க்கட்டும். முதலில் உங்கள் சகோதரியின் கருத்தைக் கேளுங்கள்.